கரையில் இருபத்தாறு வருஷம், கப்பலில் ஏழு நாள்

கப்பல் பயணிகள் எப்படிப்பட்டவர்கள் என்று மார்லிஸ் ஹாவ்கனுக்குத் தெரிந்த அளவுக்கு வடக்கே பனிப் பிரதேசத்துத் துறைமுக ஊரான ஜூனோவில் வேறு யாருக்கும் தெரிந்திருக்காது. இருபத்தாறு கோடைக்காலங்கள் அவர்களைத் துறைமுகத்தில் ஏற்றி, மெண்டன்ஹால் பனியாற்றைக் காட்டி, கப்பல் கிளம்புவதற்குள் திரும்பக் கொண்டுவந்து இறக்கினாள். ஒரு நாளைக்கு நாலு தடவை. பஸ் ஓட்டுவதும் அவள்தான், ஒலிபெருக்கியில் பேசுவதும் அவள்தான்.

"இந்த இடம் கடல் மட்டத்திலேர்ந்து எவ்வளவு உயரம்?" என்று தினமும் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்.

"நீங்க கப்பல்லேர்ந்து இறங்கி எத்தனை படி ஏறினீங்கய்யா? அவ்வளவுதான் உயரம்," என்பாள். பஸ் முழுக்கச் சிரிக்கும். மரத்தில் கோல்ஃப் பந்து சிக்கிக்கொண்ட மாதிரி வெள்ளையாக ஏதாவது தெரிந்தால் சத்தம் போடுங்கள், அது கழுகின் தலை என்பாள். அதற்கும் சிரிப்பார்கள்.

அவள் பிறந்தது பீட்டர்ஸ்பர்க் என்ற தீவு ஊரில். அப்பா மீன்பிடிப் படகு வைத்திருந்தார். டுவெய்ன் என்பவனைக் கட்டிக்கொண்டு ஜூனோவுக்கு வந்தாள். பதினோரு வருஷம் மழையைப் பார்த்த டுவெய்ன் ஒரு நாள், "இதுக்கு மேல என்னால நனைய முடியாது" என்று சொல்லிவிட்டு அரிசோனாவுக்குப் போனான். சண்டையெல்லாம் இல்லை. பிள்ளைகளும் இல்லை. மார்லிஸ் மெண்டன்ஹால் ஆற்றங்கரையில் சிவப்புக் கதவு போட்ட ஒரு சின்ன வீட்டை வாங்கித் தனியாக இருந்தாள். பகலெல்லாம் பேசிப் பேசி வாய் ஓய்ந்து வருகிறவளுக்கு அந்தத் தனிமை போதுமானதாகவே இருந்தது.

அந்தப் பனியாற்றின் பக்கவாட்டில் ஒரு பள்ளம் உண்டு. கோடையில் அதில் உருகிய தண்ணீர் சேரும். பனிக்கட்டி தாங்குகிற வரைக்கும் தாங்கும். தாங்க முடியாத நாளில் அத்தனை தண்ணீரும் அடிவழியாகப் பிய்த்துக்கொண்டு ஆற்றில் இறங்கும். அப்படி ஒரு ஆகஸ்ட் மாதச் சனிக்கிழமை பிற்பகல் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார். மார்லிஸ் கைப்பையை எடுத்தாள், மழைக்கோட்டை எடுத்தாள், உறைபெட்டியைத் திறந்து ஒரு பெரிய சால்மன் துண்டையும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். எதற்காக மீனை எடுத்தாள் என்று அவளுக்கே தெரியாது.

தெருவுக்கு எதிர்ப்பக்கம் நின்று பார்த்தாள். முதலில் கரையோரத்து மரங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன. பிறகு கரை. அப்புறம் பின்கட்டு அந்தரத்தில் தொங்கியது. கடைசியில் வீடு முழுசாக, களைத்துப்போன ஆள் நாற்காலியில் உட்காருவதுபோல, ஆற்றில் உட்கார்ந்தது. சுற்றிலும் எல்லோரும் அலறினார்கள். மார்லிஸ் பக்கத்து வீட்டுக்காரியிடம் திரும்பி, "இந்த மீனை உன் பெட்டியில வெக்கலாமா? இளகுது," என்றாள்.

அதன் பிறகு அவள் பஸ் ஓட்டவில்லை. தங்கை கோரின் வந்து தன் ஊரான யாக்கிமாவுக்கு அழைத்துப்போனாள். கோரின் ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் முப்பது வருஷம் இருந்து ஓய்வு பெற்றவள். யாரையும் சும்மா உட்கார விடமாட்டாள். தையல் அறையில் கட்டில் போட்டுக் கொடுத்தாள். மார்லிஸ் போட்டதைச் சாப்பிட்டாள், கேட்டதற்குப் பதில் சொன்னாள், தட்டைக் கழுவி வைத்தாள். உப்பு கூடினாலும் குறைந்தாலும் அவளுக்கு ஒன்றுதான். குளிர்காலம் முழுவதும் ஒரு தடவைகூட அழவில்லை. கோரினின் கணவர் லீலண்ட், "உங்க அக்கா மாதிரி விருந்தாளி கெடைக்க மாட்டாங்க. இருக்காங்களான்னு அப்பப்பக் கதவைத் தட்டிப் பார்க்க வேண்டியிருக்கு," என்றார்.

மார்ச் மாதத்தில் கோரின் கப்பல் பயணத்துக்குப் பதிவு செய்தாள். வான்கூவரில் ஏறி வடக்கே ஏழு நாள் கடல், பிறகு ரயிலேறி டெனாலி மலை இருக்கும் பூங்கா, அங்கிருந்து ஃபேர்பேங்க்ஸ்.

"ஜூனோ வழியாத்தான் போகும்," என்றாள் கோரின் தயங்கித் தயங்கி. "நாம அங்க இறங்க வேணாம். கப்பல்லயே இருந்துக்கலாம்."

"பனியாறு பார்க்கிறதும் டிக்கெட்லயே சேர்த்திதானே?"

"ஆமா, அவங்களே சேர்த்துட்டாங்க. அதனால என்ன?"

"அப்ப இறங்குவோம்," என்றாள் மார்லிஸ். போக வேண்டும் என்றும் இல்லை, வேண்டாம் என்றும் இல்லை.

கப்பலில் முதல் நாள் சாப்பாட்டு மேஜையில் அயோவாவிலிருந்து வந்த வென்டெல் பிரிட்சர்டு என்ற பெரியவரும் அவர் மனைவியும் கூட உட்கார்ந்தார்கள். பன்றிப் பண்ணை வைத்திருந்தவர். நல்ல மனுஷர். யாரைப் பார்த்தாலும் கைபேசியில் எதையாவது காட்டிவிட வேண்டும் அவருக்கு.

"ஜூனோவுல போன வருஷம் நடந்ததைப் பார்த்தீங்களா? இதோ பாருங்க, ஒரு வீடு அப்படியே ஆத்துக்குள்ள போவுது! என் பேரன் அனுப்பினான்."

கைபேசி மேஜையைச் சுற்றி வந்தது. கோரின் மேஜைக்கடியில் அக்காவின் முழங்காலைப் பிடித்தாள். மார்லிஸ் பார்த்தாள். தெரு எதிரில் நின்றபோது தெரியாத பக்கம் அது. யாரோ ஆற்றின் மறுகரையிலிருந்து எடுத்திருந்தார்கள். சமையலறைப் பக்கத்துச் சுவர் தெளிவாகத் தெரிந்தது.

"உள்ள யாரும் இருந்தாங்களா?" என்றாள் திருமதி பிரிட்சர்டு.

"இல்லை," என்று சொல்லிவிட்டு மார்லிஸ் கைபேசியை அடுத்தவரிடம் நகர்த்தினாள். பிறகு சூப்பைக் குடித்து முடித்தாள்.

மூன்றாம் நாள் காலை ஜூனோவில் மழை. துறைமுகத்தில் வரிசையாக பஸ்கள் நின்றன. அவர்களுக்கு வாய்த்த பஸ்ஸின் ஓட்டுநர் ரஸ்டன். ஐந்து வருஷம் முன்னால் ஐடஹோவிலிருந்து கோடை வேலைக்கு வந்தவனுக்கு அந்த வழியைப் பழக்கிக் கொடுத்தவளே மார்லிஸ்தான். மழைக்கோட்டின் தலைமூடி மூக்குவரை இறங்கியிருந்ததால் அவள் ஏறியதை அவன் கவனிக்கவில்லை. அவள் மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அந்த உயரத்திலிருந்து, அந்தப் பக்கத்திலிருந்து அந்தச் சாலையை அவள் பார்த்ததே இல்லை.

ரஸ்டன் பேசினான். எத்தனை படி என்றான். கோல்ஃப் பந்து என்றான். அவள் மூச்சு விடும் இடத்தில் மூச்சு விட்டான். பஸ் சிரித்தது.

ஆற்றுப் பாலம் வந்ததும் வேகத்தைக் குறைத்தான். "உங்க இடது கைப்பக்கம் பாருங்க. போன ஆகஸ்ட்ல இங்கதான் ஒரு வீடு ஆத்துல இறங்கிச்சு. ஆத்தங்கரையில வீடு வேணும்னு எல்லாரும் ஆசைப்படறாங்க. இந்த வீடு ஒரு படி மேல போயி..." என்று சொல்லிக்கொண்டே கண்ணாடியில் பார்த்தான். கோட்டின் தலைமூடியைப் பின்னால் தள்ளிவிட்டு அவள் இடது பக்கம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஒலிபெருக்கியில் கண்ணாடித் துடைப்பான் அடிக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"மார்லிஸ்," என்றான். நாற்பது பேருக்கும் கேட்டது. "ஐயோ, மார்லிஸ். நான்... நீங்க இருக்கறது தெரியாது."

"பரவாயில்ல, முடிச்சுடு," என்றாள். "பாதியில நிறுத்தினா எல்லாரும் பேந்தப் பேந்த முழிப்பாங்க."

"என்னால முடியாதுங்க."

"அப்ப பாலத்துல நிக்காம ஓட்டு. பின்னால வண்டி வருது."

அதற்குமேல் யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. பனியாற்றுக்கு எதிரே இறங்கியதும் முன்பின் தெரியாத பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்தார்கள். ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதாள். இன்னொருத்தி, "தப்பா நெனைக்காதீங்க, உங்ககூட ஒரு போட்டோ எடுத்துக்கலாமா?" என்று கேட்டாள். பனியாறு பின்னால் தெரிகிற மாதிரி எங்கே நிற்க வேண்டும் என்று மார்லிஸ்தான் சொல்லிக்கொடுத்தாள். இருபத்தாறு வருஷப் பழக்கம். கோரினுக்கு ரத்தம் கொதித்தது. "மனுஷங்களா நீங்க?" என்று கத்திவிட்டுக் கழிப்பறைப் பக்கம் போய் அவளே அழுதுவிட்டு வந்தாள். ரஸ்டன் பஸ்ஸை விட்டு இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு கிடந்தவனை மார்லிஸ் போய் ஜன்னலில் தட்டினாள்.

"நல்லாத்தான் ஓட்டறே. திருப்பத்துல இன்னும் கொஞ்சம் மெதுவாப் போ," என்றாள். உண்மையில் அவளுக்கு அவன்மேல் கோபம் இல்லை. கோபம் வருகிறதா என்று உள்ளே தேடிப் பார்த்தாள். கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் வென்டெல் பிரிட்சர்டு தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு அவர்கள் அறை வாசலில் நின்றார். முகம் சுருங்கியிருந்தது.

"அம்மா, நான் ஒரு முட்டாள். உங்க முன்னாலேயே இதை அழிச்சிடறேன், பாருங்க."

"அழிக்காதீங்க. எனக்கு அனுப்புங்க."

"என்னது?"

"என் படமெல்லாம் வீட்டோட போயிடுச்சு. அந்தச் சமையலறைப் பக்கம் உங்ககிட்டதான் தெளிவா இருக்கு."

அவர் அனுப்பினார். போனதோ இல்லையோ என்று மூன்று முறை அனுப்பினார்.

ஸ்காக்வேயில் இறங்கினார்கள், பனியாறுகள் கடலில் வந்து விழும் பனிவிரிகுடாவைக் கப்பலிலிருந்தே பார்த்தார்கள். விட்டியரில் கப்பலை விட்டு ரயிலேறினார்கள். டெனாலி விடுதிக்கு வந்து சேர்ந்தபோது கோரினுக்குக் காய்ச்சல். கப்பலில் யாரோ இருமியது அவளிடம் வந்துவிட்டது. மறுநாள் பூங்காவுக்குள் போகும் பஸ்ஸில் அவர்களுக்கு இரண்டு இடம் பதிவாகியிருந்தது. கோரினால் எழுந்திருக்க முடியவில்லை. மார்லிஸ் சூப் வாங்கிவந்து ஊட்டினாள், நெற்றியைத் துடைத்தாள், ஜன்னல் பக்கம் உட்கார்ந்தாள்.

"நீ போயிட்டு வா," என்றாள் கோரின்.

"வேணாம். எனக்கொண்ணும் பார்க்கணும்னு இல்ல."

"உனக்கு எதுதான் வேணும்? ஒம்போது மாசமாக் கேக்கறேன். வீடே போச்சு, நீ ஒரு சொட்டுக்கூட அழல. லீலண்ட் தெனமும் கேக்கறார், இன்னிக்காவது அழுதாளான்னு."

"அவர் என்ன, நோட்டுல எழுதி வெக்கிறாரா?"

"சிரிக்காதே மார்!"

"நான் சிரிக்கல. நீயே சொல்லு, என்ன பண்ணணும்? அழச் சொன்னா உக்காந்து பார்க்கறேன். வரலைன்னா நான் என்ன பண்றது?"

கோரின் போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருமினாள். பிறகு போர்வைக்குள்ளிருந்தே பேசினாள்.

"ஒண்ணு சொல்றேன், திட்டாதே. இந்தப் பயணம் உனக்காக இல்ல. எனக்காகத்தான். முப்பது வருஷமா ஆசை. லீலண்டுக்குப் படகைப் பார்த்தாலே வாந்தி வரும். தனியா வரப் பயம். உன்னைச் சாக்கு வெச்சுதான் பதிவு பண்ணினேன். எல்லார்கிட்டயும் அக்காவைத் தேத்தறதுக்குன்னு சொன்னேன். இப்ப பாரு, அந்தப் பூங்காவைப் பார்க்காமலேயே போகப்போறேன்."

மார்லிஸ் ஜன்னலிலிருந்து திரும்பினாள். ஒன்பது மாதமாக எல்லோரும் எல்லாவற்றையும் அவளுக்காகவே செய்துகொண்டிருந்தார்கள். அவளுக்காக இல்லாத ஒரு காரியம் நடந்திருக்கிறது என்று கேட்டபோது, முதுகிலிருந்து யாரோ கையை எடுத்த மாதிரி இருந்தது.

"எத்தனை மணிக்கு பஸ்?" என்றாள்.

போனாள். மண்சரிவில் அறுந்துபோன மலைப்பாதை வரைக்கும் போய் பஸ் திரும்பியது. மாலையில் விடுதிக்கு வந்து கட்டிலோரத்தில் உட்கார்ந்து, வாய்க்கு முன்னால் தலைவாரும் சீப்பை ஒலிவாங்கிபோலப் பிடித்துக்கொண்டாள்.

"உங்க வலது கைப்பக்கம், அதாவது அந்த மருந்து பாட்டில் பக்கம், ஒரு கரடி. பழுப்பு நிறம். எங்களுக்குக் காட்டினது பின்பக்கம் மட்டும்தான். முகம் வேணும்னா தனி டிக்கெட் போல. அஞ்சு ஆடு, ரொம்ப தூரத்துல. உங்க பல் டாக்டர் வாயில வெக்கிற பஞ்சு மாதிரி தெரிஞ்சுது. மலை? மலை வரலீங்க. மேகத்துக்குள்ள இருக்கு. எங்க ஓட்டுநர் பொண்ணு சத்தியம் பண்ணிச் சொல்லிச்சு, மலை இருக்குன்னு. நாப்பது பேரும் நம்பினோம்."

கோரின் சிரித்துச் சிரித்து இருமினாள். "மெதுவா! தொண்டை கிழியுது!"

முக்கால் மணி நேரம் மார்லிஸ் பேசினாள். முடித்தபோது தன் பாதம் இரண்டும் ஐஸாகச் சில்லிட்டிருப்பது தெரிந்தது. ஈரமான காலுறையைக் கழற்றிவிட்டு, தங்கையின் போர்வையின் கால்மாட்டில் காலை நுழைத்துக்கொண்டாள்.

"ஐயோ, என்னடி இது பொணம் மாதிரி!" என்றாள் கோரின். ஆனால் நகரவில்லை.

ஃபேர்பேங்க்ஸ் விமான நிலையத்தில் மார்லிஸ், தான் யாக்கிமாவுக்கு வரவில்லை என்றாள். கோரின் ஏன் என்று கேட்டாள். காரணம் சொல்லத் தெரியவில்லை அவளுக்கு. "அங்க உன் தையல் மெஷினுக்கு இடமில்லாமப் போச்சு," என்று மட்டும் சொன்னாள். ஜூனோவுக்கு வந்து பழைய கம்பெனியில் வேலை கேட்டாள். பஸ்ஸே தருகிறோம் என்றார்கள். அவள் கப்பலிலிருந்து விமான நிலையத்துக்குப் பெட்டிகளை ஏற்றிப்போகும் லாரியைக் கேட்டு வாங்கிக்கொண்டாள். பெட்டிகள் எதுவும் கேட்காது. ரஸ்டன் அவளைப் பார்க்கும்போதெல்லாம் கையை உயர்த்துவான், அவளும் உயர்த்துவாள். பாலத்தில் அவன் இப்போது ஒன்றும் சொல்வதில்லை என்று கேள்விப்பட்டாள். பெரும்பாலான நாட்கள் யாக்கிமாவில் இருந்த மாதிரியேதான் இருந்தன: எழுந்தாள், ஓட்டினாள், சாப்பிட்டாள், தூங்கினாள்.

அந்தக் கோடையின் கடைசிக் கப்பல் போன பிறகு ஜூனோவுக்கு எதிரே இருந்த டக்ளஸ் தீவில் ஒரு மேட்டில், மூன்றாம் மாடியில் வாடகைக்கு வீடு பிடித்தாள். நவம்பரில் நன்றி கூறும் பண்டிகைக்குக் கோரின் வந்தாள். அலமாரியைத் திறந்து பார்த்துவிட்டு, "காகிதத் தட்டுலயா சாப்பிடறே?" என்று கேட்டு அன்றைக்கே கடைக்கு இழுத்துப்போனாள். ஒரு வரிசை முழுக்கப் பீங்கான் தட்டுகள். மார்லிஸ் அரைமணி நேரம் நின்றாள். தனக்கு எது பிடிக்கும் என்று தெரியவில்லை. கோரின் நீலப்பூ போட்ட ஒன்றை எடுத்து நீட்டினாள்.

"இது நல்லாயிருக்கு பாரு. இதையே வாங்கிடு."

மார்லிஸ் அதை வாங்கித் திருப்பிப் பார்த்தாள்.

"இது வேணாம்," என்றாள். தட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனாள்.