பயிற்றுநரோடு லேருக்குப் போன சனிக்கிழமை

பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவன் நான். நாலு பேர் கூடினால் பின்வரிசையில் நிற்பவன். பயணக் கட்டுரை எழுத உனக்கு என்ன தகுதி என்று கேட்டால், ஒரு தகுதியும் இல்லை. இதில் கோயிலோ மலையோ வராது. ஜெர்மனியில் ஹம்பேர்க் நகரின் கிழக்கு ஓரத்திலிருந்து லேர் என்ற சிற்றூருக்கு, ஏறக்குறைய இருநூற்றிருபது கிலோமீற்றர், வேனில் போய் வந்தேன். அவ்வளவுதான். பொறுத்துக்கொண்டு வாசியுங்கள்.

நான்காம் பிரிவில் ஆடும் ஒரு உதைபந்தாட்டக் கழகத்தில் உடுப்புகளுக்குப் பொறுப்பு நான். தோய்ப்பது, காயவைப்பது, வெளியூர் ஆட்டமென்றால் முன்கூட்டியே வேனில் கொண்டுபோய் ஆட்டக்காரரின் அறையில் கொக்கிகளில் கொழுவுவது என் வேலை.

காலை 8.10. நவம்பர் மழை. வேனை எடுக்கும் நேரம் பயிற்றுநர் வெலிச்கோ முன்கதவைத் திறந்து ஏறினார். (பெயரை மாற்றியிருக்கிறேன்.) பல்கேரியர், வயது ஐம்பத்தொன்று. வழக்கமாக அணியின் பஸ்ஸில் வருபவர்.

"அந்தப் பெடியளின்ர பாட்டுச் சத்தத்துக்குள்ள யோசிக்க ஏலாது, குணம். உன்ர வேனில சவர்க்கார மணம் மட்டும்தான்."

நாங்கள் பேசுவது ஜெர்மன். எனக்கு வருகிற தமிழில் எழுதுகிறேன்.

வேறொரு நாளென்றால் சந்தோசப்பட்டிருப்பேன். இங்கே பயிற்றுநரின் உடுப்பில் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் நெஞ்சுப் பக்கம் இருக்கும். சூட்டு இயந்திரத்தில் அதை ஒட்டுவதும் நான்தான். முதல்நாள் மாலை கழக மனேச்சர் ஆறு புது உடுப்புகளும் ஒரு கடதாசித் துண்டும் தந்தார். அதில் இருந்தவை வேறொருவரின் முதலெழுத்துகள். "ஞாயிறு காலமை வேணும். ஒருத்தருக்கும் மூச்சு விடாதை" என்றார். வென்றாலும் தோற்றாலும் வெலிச்கோவுக்கு இதுதான் கடைசி ஆட்டம். அது எனக்குத் தெரியும். பக்கத்தில் இருந்தவருக்குத் தெரியாது.

9.05. நெடுஞ்சாலை ஏ1. பெருவண்டிகள் இறைத்த தண்ணீரில் பாதை மங்கியது.

"நீ ஓட்டுற ஓட்டத்துக்கு இடைவேளைக்குத்தான் போய்ச் சேருவம்."

பிறகு தன் கதையைச் சொன்னார். புளோவ்டிவில் பிறந்து, இருபத்துமூன்று வயதில் ஜெர்மனிக்கு வந்து, நடுக்களத்தில் ஆடினார். "நான் பந்தை எடுத்துக் குடுப்பன். அடிச்சவன்ர படம் பேப்பரில வரும்." முழங்கால் போனபின் பயிற்றுநரானார். சாக்சனியில் இளையோர் அணி, பல்கேரியாவில் இரண்டு கழகங்கள், திரும்ப ஜெர்மனியில் பல கழகங்களில் உதவியாளர். எந்தக் கழகமும் அவரை ஒரு குளிர்காலத்துக்கு மேல் வைத்திருக்கவில்லை.

"இந்தக் கழகத்திலதான் ரெண்டாவது குளிர்காலம். பாத்தியோ?"

10.00. ஹாஸ்ப்றூக் தரிப்பிடம். கோப்பி 3 யூரோ 90, கழிப்பறைக்கு ஒரு யூரோ. கோப்பியை ஊதியபடி அவர் சொன்னார்: "ஒன்பது வருசமா என்ர மனுசி பல்கேரியாவில, நான் இஞ்ச. ஆஸ்பத்திரி வேலை, விட மனமில்லை அவளுக்கு. இண்டைக்கு ஆட்டத்தில வெண்டா, வேலையை விட்டிட்டு வாவெண்டு சொல்லப்போறன்."

கழிப்பறைக்குப் போகிற சாட்டில் என் மனைவிக்கு அழைத்தேன். அவளுக்கு மட்டும் முதல்நாள் இரவே விசயத்தைச் சொல்லியிருந்தேன்.

"சொல்லுறதோ, விடுறதோ?"

"உங்களுக்கு விசரே? வாயைத் திறந்தா முதல் உங்களைத்தான் வேலையால நிப்பாட்டுவாங்கள். வேனை ஓட்டுங்கோ."

இருந்தும், திரும்பிவந்து பேச்சைத் தொடங்கினேன். "வெலிச்கோ, ஒரு விசயம்..."

"லீவோ? நத்தார்ப் பண்டிகைக்கு எடு. நான் மனேச்சரோட கதைக்கிறன்."

நான் நன்றி சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

11.05. லேர். செங்கல் வீடுகள், தட்டை வயல்கள், ஈரத்தில் நின்ற மாடுகள். துறைமுகத்தைப் பார்க்க நேரமில்லை. உடுப்புகளைக் கொழுவினேன். திரும்பும் வழியில் எப்படியும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தேன்; அதுவரை அவர் தன் மனைவிக்கு அழைக்கக்கூடாது என்று வேண்டிக்கொண்டேன். தோற்றால் அழைக்கமாட்டார். என் சொந்த அணி தோற்க வேண்டுமென்று முதல் தடவையாக நினைத்தேன்.

இரண்டு மணிக்குத் தொடங்கிய ஆட்டத்தில் 2–1 என்று வென்றோம். கடைசி நிமிடக் கோல். பெடியள் வெலிச்கோவைத் தூக்கி மழையில் சுற்றினார்கள். வெற்றி மனேச்சரின் மனதை மாற்றியிருக்குமோ என்று ஒரு ஆசை வந்தது. நடைவழியில் மனேச்சரே என் தோளில் தட்டினார்.

"எழுத்து ஒட்டி முடிஞ்சுதோ?"

"ஓம்" என்றேன்.

சேற்று உடுப்புகளை அள்ளும்போது கதவுக்கு வெளியே வெலிச்கோ போனில் பேசுவது கேட்டது. பல்கேரிய மொழி எனக்குப் புரியாது. சிரித்தார், பிறகு மூக்கைச் சீறினார்.

4.40. வேனில் அவருக்காகக் காத்திருந்தேன். ஒரு பெடியன் வந்து கண்ணாடியில் தட்டினான். "கோச் எங்களோட பஸ்ஸில வாறார், குணம் அண்ணை. பாட்டுப் படிக்கிறார்!"

பஸ் எனக்கு முன்னால் போனது. ஓல்டன்புர்க்வரை அதன் பின்விளக்குகள் தெரிந்தன. இந்த நாட்டில் இருபத்தெட்டு வருடம் ஒருவருடைய சோலிக்கும் போகாமல் இருந்ததை நல்ல குணம் என்று நினைத்திருந்தேன். அன்று வேனில் அப்படித் தோன்றவில்லை.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பத்தரை மணிக்கு வெலிச்கோவை விலக்கினார்கள். அவருடைய மனைவி முதல்நாள் இரவே தன் ஆஸ்பத்திரிக்கு விலகல் கடிதத்தை அனுப்பிவிட்டாராம். நான் காலுறைகளைத் தோய்த்தேன்.