சுடலை அமுக்கிப் பார்த்த கீபோர்டு

சதீஷுக்கு இடுப்பு கழன்று விழுவது போல வலித்தது. ஐந்து நாளாகத் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து மூட்டை தூக்கிய இடுப்பு. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது நடந்தது. கதை கட்டுகிற அளவுக்குத் தெம்பு மிச்சமிருக்கிற ஆள் இல்லை அவன்.

சின்னக்கானல் பக்கம் ஒரு எஸ்டேட் லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்று அவன் வீடு. அங்கே உட்கார்ந்து கம்ப்யூட்டர் கீபோர்டு கட்டுவான். பலகை, சுவிட்ச், கீ எல்லாம் தனித்தனியாகக் கூரியரில் வரும். ஒவ்வொரு சுவிட்சாகப் பிரித்து, ஸ்பிரிங்கில் கிரீஸ் தொட்டு, மறுபடி மூடிச் செருகுவான். அவன் விரும்பிச் செய்கிற வேலை அது ஒன்றுதான்.

இந்த முறை கட்டியது, அவனோடு மூட்டை தூக்கும் சுடலைக்கு. இருபது வருடம் தேயிலைக்குப் பூச்சிமருந்தடித்ததில் சுடலைக்கு விரல் நுனி மரத்துவிட்டது. திங்கட்கிழமை எஸ்டேட் ஆபீசில் டைப்படிக்கப் பரீட்சை; சொந்தக் கீபோர்டு கொண்டுபோகலாம். தேறினால் மூட்டை தூக்க வேண்டாம்.

"வெரலுக்குத் தெரியாதுடே. காதுக்காச்சும் தெரியணும். அமுக்குனா டக்குனு கேக்கணும்" என்றிருந்தார் சுடலை.

சனிக்கிழமை ஆகியும் கீபோர்டு வேலை முடியவில்லை. அன்று சுடலைக்கு ஷிப்ட் இல்லை. "நீ கட்டு. ஒம் பேருல நான் போறேன்" என்றார் சுடலை. அங்கே அது வழக்கம்தான். செக்ரோலில், அதாவது வருகைப் பதிவேட்டில், சதீஷ் பெயர் ஏறும். மூட்டையைச் சுடலை தூக்குவார். மேஸ்திரி வீரபாண்டி கண்டுகொள்ள மாட்டார்.

"இன்னைக்கு நான்தாம்டே சதீஷு. நீ வெளிய தலையக் காட்டுனா ரெண்டு சதீஷாயிரும்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

சதீஷ் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டான்.

காலை 10:05. கரண்ட் போனது. போனில் டவரும் போனது. ஜன்னலை மூடுபனி அடைத்துக்கொண்டது.

மதியம் 3:20. எண்பத்தேழாவது சுவிட்சும் உட்கார்ந்தது. எல்லாவற்றையும் அமுக்கிப் பார்த்தான். டக்... டக்... டக்...

3:40.

சுடலை உள்ளே நின்றுகொண்டிருந்தார்.

தாழ்ப்பாள் சத்தம் கேட்டதாக ஞாபகம் இல்லை. வெளியே தூறல். அவர் சட்டை நனையவில்லை.

"என்னண்ணே, ஷிப்ட் அஞ்சு மணிக்குல்லா முடியும்?"

"முடிஞ்சிட்டுடே."

மேசைக்கு வந்தார். ஒரு கீயை அமுக்கினார். அது அடிவரை இறங்கியது. சதீஷ் கண்ணால் பார்த்தான்.

சத்தம் இல்லை.

அடுத்த கீ. இறங்கியது. ஏறியது. சத்தம் இல்லை.

"என்னடே... கேக்கலயே. எங்காதும் போச்சா?"

"எனக்கும் கேக்கலண்ணே."

சுவிட்சுக்குள் சத்தம் போடும் கம்பியில் கிரீஸ் பட்டால் சத்தம் செத்துவிடும். கை தவறிப் பட்டிருக்கும் என்றுதான் நினைத்தான். அதே கீயைத் தான் அமுக்கினான்.

டக்.

சுடலை அமுக்கினார்.

...

சதீஷ் அமுக்கினான்.

டக்.

சுடலை பத்து விரலையும் வைத்தார். கீக்கள் இறங்கின. ஏறின. இறங்கின. வேகமாக... இன்னும் வேகமாக...

அறையில் ஒரு சத்தமும் இல்லை.

"திங்கக்கெழமைக்கு ஆவாதுடே" என்றார்.

சதீஷ் குனிந்து சுவிட்ச் பிடுங்கும் கிடுக்கியை எடுத்தான். நிமிர்ந்தான்.

ஆள் இல்லை.

தாழ்ப்பாள் உள்பக்கம் போட்டபடியே இருந்தது.

அவனுக்குப் பயம் வரவில்லை. கை மட்டும் மணிக்கட்டு வரை மரத்திருந்தது.

5:25. வீரபாண்டி கதவைத் தட்டினார்.

"ஏலே, சுடலை போயிட்டான். காலைல பதினொன்னு பத்து. மூட்டையோட படியில உருண்டுட்டான்."

"எப்ப?"

"பதினொன்னு பத்துங்கேன். செக்ரோல்ல ஒம் பேருதான் நிக்கி. சும்மா பாக்க வந்தவன் விழுந்துட்டான்னு எழுதியாச்சு. வாயத் தொறந்த, ஒனக்கு, எனக்கு, அவனுக்குன்னு மூணு வீட்டுலயும் அடுப்பு எரியாது."

சுடலையின் மனைவி மூக்கம்மாள் நஷ்டஈடு கேட்டு எழுதிப் போட்டாள். அன்று அவர் வேலையிலேயே இல்லை என்று பதில் வந்தது. எட்டு மாதமாகிறது.

"சுடலை அன்று என் பெயரில் வேலை செய்துதான் செத்தார்" என்று சதீஷ் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால் போதும். அவன் மூக்கம்மாளுக்குத் தர வேண்டியது அந்த ஒரு வரிதான். இன்னும் தரவில்லை.