விருந்தாளிக்கு வேறு தூள்

பதினோரு வருடம் நான் வார இறுதியில் மட்டும் வீட்டுக்கு வரும் கணவனாக இருந்தேன். வில்கமுவவில் நீர்ப்பாசன வேலை. திங்கட்கிழமை விடியும் முன் மாத்தளையிலிருந்து கிளம்பினால், திரும்பி வந்து சேர வெள்ளிக்கிழமை பொழுது சாய்ந்துவிடும். பஸ் குறைவான பாதை. ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்காகச் சந்திக் கடையில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். வீட்டில் மனைவியும் மகளும் மட்டும்தான். மனைவி பக்கத்துத் தெரு பாலர் பாடசாலையில் டீச்சர்.

சாமான் விலையெல்லாம் கைக்கு எட்டாமல் போன வருடத்தில் ஒரு வெள்ளிக்கிழமை. பஸ் மாறி மாறி, கால் வீங்கி, பசியோடு வந்து உட்கார்ந்தேன். சோறும் உருளைக்கிழங்குக் கறியும் வைத்தாள். கறி வழக்கத்தைவிடக் கறுப்பாக இருந்தது. ஒரு வாய் வைத்ததும் நாக்கில் ஏதோ மணலாகத் தட்டியது.

"என்ன தூள் இது?"

"பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்துல புதுசா ஒரு சூப்பர் மார்க்கெட் திறந்திருக்காங்கல்ல, அவங்க சொந்தமா போடுற தூள். மத்ததுல பாதி விலைதாங்க."

"வாரம் முழுக்க அங்க கண்டதையும் தின்னுட்டு வாறேன். வீட்டுலயும் இந்தக் குப்பைதானா?"

பிளேட்டைத் தள்ளிவிட்டு எழுந்தேன். அவள் உள்ளே போய் ஒரு முட்டை பொரித்துக்கொண்டு வந்தாள். அடுத்த வெள்ளிக்கிழமை வாசலிலேயே பழைய கம்பெனித் தூளின் மணம் வந்தது. சின்ன வயதிலிருந்தே எனக்குப் பழகிய மணம். நல்லதாயிற்று என்று சாப்பிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது என்றுதான் நினைத்திருந்தேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் அவள் இருந்தாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை போனில், "லேசா காய்ச்சல், நீங்க வேலையப் பாருங்க" என்றாள். புதன்கிழமையும் அதையேதான் சொன்னாள். வியாழக்கிழமை மகள் அழைத்தாள். டெங்கு என்றார்கள். காலை பஸ் போய்விட்டிருந்தது. ஒரு விவசாயியின் மோட்டார் சைக்கிளில் பாதி வழியும், மரக்கறி லொறியில் மீதி வழியும் வந்தேன். நான் ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தபோது மகள் வராந்தாவில் பள்ளிக்கூடச் சீருடையோடு நின்றுகொண்டிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்ததும் நடையை நிறுத்திவிட்டேன். அதற்குமேல் அவசரமாகப் போக ஒன்றும் இருக்கவில்லை.

மூன்று மாதத்தில் மாத்தளைக்கே இடமாற்றம் கிடைத்தது. அவள் உயிரோடு இருக்கும்போது நான்கு முறை கேட்டும் கிடைக்காத இடமாற்றம்.

அப்போதுதான் எனக்கு ஒன்று புரிந்தது. இந்த வீட்டின் செவ்வாய்க்கிழமைகளை நான் பார்த்ததே இல்லை. பின்னேரம் நான்கு மணிக்குச் சமையலறை ஜன்னல் வழியாக வெயில் எந்த மூலையில் விழும் என்று தெரியாது. புதன்கிழமை வரும் மீன்காரர் வாசலில் என்னைப் பார்த்துவிட்டு, தவறான வீட்டுக்கு வந்துவிட்டவர் போலத் திரும்பிப் போனார். அடுப்புக்கு மேலே இருந்த தட்டில் சாமான்கள் ஏதோ ஒரு ஒழுங்கில் இருந்தன. அந்த ஒழுங்கு அவளுக்கும் மகளுக்கும்தான் தெரியும். செத்தவர்கள் வீட்டில் நடமாடுவார்கள் என்பார்கள். எங்கள் வீட்டில் அப்படி நடமாடிக்கொண்டிருந்தது நான்தான் என்று தோன்றும். அவள் எல்லா இடத்திலும் நிலையாக இருந்தாள். நான்தான் சத்தமில்லாமல் அறைக்கு அறை போய்க்கொண்டிருந்தேன்.

சமைக்கக் கற்றுக்கொண்டேன். வில்கமுவ குவார்ட்டர்ஸில் சோறு, பருப்பு அளவுக்குத் தெரியும். கறி வைக்கப் பழகினேன். மகளுக்கு அப்போது பதினான்கு வயது. ஒரு கரண்டி போட்டுக்கொண்டு, பாதியை ஒதுக்கிவிட்டு எழுந்துவிடுவாள்.

"நல்லா இல்லையாம்மா?"

"நல்லாருக்குப்பா. பசிக்கல."

அவள் மெலிந்துகொண்டே போனாள். நான் இன்னும் நல்ல சாமானாகப் பார்த்து வாங்கினேன். அதே கம்பெனியின் விலை கூடிய தூள், பெட்டியில் வரும் வறுத்த தூள், போத்தலில் அடைத்த மசாலா. தேங்காய்ப்பாலைக்கூடக் கையால் பிழிந்தேன். என் மூக்குக்கு அது அப்படியே மனைவியின் கறியாகத்தான் மணத்தது. மூடியைத் திறந்தால் அவள் பின்னால் வந்து நிற்பது போலிருக்கும். மகள் மட்டும் அதே ஒரு கரண்டியோடு எழுந்துவிடுவாள்.

ஒரு நாள் பொறுமை போய்விட்டது. "அம்மா வச்ச மாதிரியேதான வச்சிருக்கேன். அதே தூள். அதே அளவு. இதுக்கு மேல என்ன செய்யணும் நான்?"

அவள் பிளேட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இது அப்பாக் கறிப்பா."

"அப்படின்னா?"

"நீங்க வாற நாள்ல வைக்கிற கறி. வெள்ளி, சனி, ஞாயிறு. மத்த நாள்ல அம்மா எங்க ரெண்டு பேருக்கும் வேற தூள்லதான் வைப்பாங்க. எனக்கு அந்தக் கறிதான் அம்மா கறி."

எழுந்து போய், மேல்தட்டில் கைவிட்டு, பிஸ்கட் டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பக்கட்டை எடுத்து வந்தாள். வாய் மடித்து ரப்பர் பட்டி போட்டிருந்தது. வெள்ளைக் காகிதத்தில் மஞ்சள் எழுத்து. நான் குப்பை என்று சொன்ன தூள். அடியில் கொஞ்சம் இருந்தது. ரப்பர் பட்டியை எடுக்க எனக்குக் கை வரவில்லை. மகள்தான் எடுத்தாள். மூக்கருகே வைத்துப் பார்த்துவிட்டு, அப்படியே மூடினாள்.

மறுநாள் வேலை முடிந்ததும் அந்த சூப்பர் மார்க்கெட்டுக்குப் போனேன். அலங்காரம் ஒன்றும் இல்லாத இடம். சாமான்களை வந்த அட்டைப் பெட்டியோடே அடுக்கியிருந்தார்கள். வெள்ளைப் பக்கட்டில் மஞ்சள் எழுத்தில் பருப்பு, சீனி, தேயிலை, தூள், சவர்க்காரம் எல்லாம் இருந்தன. கறித்தூள் இரண்டு எடுத்தேன். காசாளராக இருந்தது இருபத்தைந்து வயதுப் பெண். இரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள் என்று பிறகு தெரிந்தது. அவள் நான் கொண்டுபோயிருந்த துணிப்பையைப் பார்த்தாள். பழைய சேலையில் மனைவி தைத்த பை.

"இது டீச்சரோட பேக் இல்லீங்களா? டீச்சர் வரலையா சேர்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் பக்கட்டுகளைப் பார்த்துவிட்டுச் சிரித்தாள். "டீச்சர் எப்பவும் இதோட பெரிய கம்பெனி பக்கட் ஒண்ணும் சேர்த்து எடுப்பாங்க. ஏன் டீச்சர் ரெண்டு விதம்னு கேட்டா, வெள்ளிக்கிழமை விருந்தாளி வருவாரு, அவருக்கு இது இறங்காதும்பாங்க." பிறகு என் முகத்தைப் பார்த்தாள். "ஐயோ, சேர்தான் அந்த விருந்தாளியா?"

நானும் சிரித்தேன். என்னால் சிரிக்க முடிந்தது என்பது இன்றைக்கும் ஆச்சரியம். மனைவி சொன்ன ஒரு பகிடி அப்போதுதான், அத்தனை மாதம் கழித்து, என்னிடம் வந்து சேர்ந்திருந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் எப்படி 'செத்துப்போயிட்டாங்க' என்று சொல்வது?

"வவுனியாவுல அக்கா வீட்டுக்குப் போயிருக்காங்க" என்றேன்.

அன்று அந்தத் தூளில் உருளைக்கிழங்குக் கறி வைத்தேன். மகள் இரண்டாவது முறை சோறு போட்டுக்கொண்டாள். பிளேட்டை வழித்துச் சாப்பிட்டுவிட்டு, கை கழுவாமல் கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

நானும் சாப்பிட்டேன். உண்மையைச் சொல்வதானால், கம்பெனித் தூளுக்கு அது ஈடில்லை. அரைப்பு சொரசொரப்பு. மல்லி குறைவு. எடை கூட்டுவதற்கு அரிசியை வறுத்துச் சேர்த்திருந்தார்கள் என்று நினைக்கிறேன். பெருஞ்சீரகம் தூக்கலாக இருந்தது. ஆனால் அந்தக் கடையின் பருப்பில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சீனி சீனிதான். கடைத் தேயிலையிலும் கம்பெனித் தேயிலையிலும் மகள் ஒவ்வொரு கோப்பை ஊற்றி, எது எது என்று சொல்லாமல் கொடுத்தபோது நான் மாற்றிச் சொன்னேன். சவர்க்காரம் மட்டும் நான்கு நாளில் குழைந்துபோகும். இதையெல்லாம் மனைவி எப்போதோ கண்டுபிடித்திருப்பாள். எதில் மிச்சம் பிடிக்கலாம், எதில் நான் பிளேட்டைத் தள்ளுவேன் என்று தெரிந்து வைத்துக்கொண்டு, வாரத்தில் நான்கு நாளுக்கு ஒரு வீடும் மூன்று நாளுக்கு இன்னொரு வீடுமாக நடத்தியிருக்கிறாள்.

அந்தத் தூள் கொதிக்கும்போது எழும் மணத்தில் எனக்கு அவளைத் தெரியவில்லை. மகளுக்குத் தெரிந்தது. சமையலறை வாசலில் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்துகொள்வாள். தன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு உட்காருவாள். அந்த இடத்தில் நான் காலை வைத்ததில்லை.

வாராவாரம் கடைக்குப் போனேன். வாராவாரம் அந்தப் பெண் கேட்டாள். வவுனியாவில் அக்காவுக்குச் சுகமில்லை என்றேன். பிறகு, அக்காவுக்கு ஆப்பரேஷன் என்றேன். "பாவம் டீச்சர், அங்க வெயில் கொளுத்துமே" என்பாள். ஒருமுறை, "பருப்பு அடுத்த கிழமை இன்னும் குறையுதுன்னு டீச்சர்கிட்ட சொல்லுங்க" என்றாள். சொல்கிறேன் என்றேன். வீட்டுக்கு வந்து பையை இறக்கும்போது, அதைச் சொல்ல வாயைத் திறந்தேவிட்டேன்.

மகள் இல்லாமல்தான் போவேன். ஒரு சனிக்கிழமை அவளும் வந்துவிட்டாள். காசாளர் பெண் அவளைப் பார்த்ததும், "அம்மா எப்ப வாறாங்க தங்கச்சி?" என்று கேட்டாள். நான் நிலத்தைப் பார்த்தேன்.

"அடுத்த மாசம் வாறாங்க அக்கா" என்றாள் மகள். கொஞ்சமும் தடுமாறவில்லை.

வீட்டுக்கு நடக்கும் வழியில் முத்துமாரியம்மன் கோயிலைத் தாண்டினோம். பிறகு நான், "அது வந்தும்மா..." என்று ஆரம்பித்தேன்.

"பரவாயில்லப்பா. அந்தக் கடையில மட்டும் அம்மா இருக்காங்க. இருந்துட்டுப் போகட்டும்."

அப்படியே ஏழெட்டு மாதம் போனது. பிறகு ஒரு நாள் நான் உள்ளே நுழைந்ததும், காசாளர் பெண் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். மேசைக்குக் கீழிருந்து ஒரு பையை எடுத்து வைத்தாள். உள்ளே ஆறு பக்கட் கறித்தூள்.

"இனிமே இந்தத் தூள் வராது சேர். வேற ஆள்கிட்ட கொடுத்துட்டாங்களாம். பக்கட்டும் புதுசு, தூளும் புதுசு. டீச்சருக்கு இதுதானே பிடிக்கும், அதனால பழசுல மிச்சம் இருந்தத எடுத்து ஒளிச்சு வச்சேன். அவங்க வந்ததும் கொடுங்க. நான் கொடுத்தேன்னு சொல்லுங்க."

அந்தப் பையைத் தொட்டுக்கொண்டு என்னால் அதற்குமேல் பொய் சொல்ல முடியவில்லை.

"அவங்க இல்லம்மா" என்றேன். "நான் முதல் நாள் இங்க வாறதுக்கு முன்னாடியே போயிட்டாங்க. டெங்கு."

பின்னால் வரிசையில் நின்றவர்கள் காத்துக்கொண்டிருந்தார்கள். அவள் திட்டுவாள் என்று நினைத்தேன். ஒவ்வொரு பக்கட்டாக எடுத்து இயந்திரத்தில் காட்டினாள். ஆறாவதைக் காட்டிவிட்டுக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

"அப்ப நான் சொல்லிவிட்டதெல்லாம்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து மகளிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் பக்கட்டுகளைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஏம்ப்பா சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டாள். ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே முகம். இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. மூன்றாம் நாள் பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் தானாகவே அந்தக் கடைக்குப் போயிருக்கிறாள். காசாளர் பெண் வெளியே வந்து அவளைக் கட்டிக்கொண்டாளாம். இருவரும் படியில் உட்கார்ந்து ஐஸ் பக்கட் சாப்பிட்டார்களாம். அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியாதது இன்னும் நிறையப் பேசியிருப்பார்கள். நான் கேட்கவில்லை.

ஆறு பக்கட்டையும் மிச்சம் வைக்காமல் சமைத்தோம். வைத்திருந்தால் மணம் போய்விடும் என்று மகள்தான் சொன்னாள். பிறகு புதிய தூள் வாங்கினோம். நன்றாக அரைத்திருக்கிறார்கள், நிறமும் நல்லது. கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பெரிய கம்பெனியுடையது என்றே சொல்லலாம். என் மனைவியின் வெள்ளிக்கிழமைக் கறி வேண்டுமென்றால், நாட்டில் எந்தக் கடையிலும் எனக்குக் கிடைக்கும். அந்தத் தூள் என் தலைமுறை முடியும்வரை மாறப்போவதில்லை. மகளுடையது மலிவுச் சாமான். அதைச் செய்தவர்களே மறந்திருப்பார்கள்.

போன மாதம் டியூஷன் முடிந்து அவளைக் கூட்டிக்கொண்டு வீடுகளுக்கிடையே போகும் ஒழுங்கை வழியாக வந்துகொண்டிருந்தேன். விளக்கு வைக்கும் நேரம். யாரென்று தெரியாத ஒரு வீட்டின் பின்பக்கத்திலிருந்து தாளிக்கும் மணம் வந்தது. அதில் பெருஞ்சீரகம் தூக்கலாக இருந்தது, வறுத்த அரிசி லேசாகத் தீய்ந்திருந்தது. மகள் நின்றுவிட்டாள். நானும் நின்றேன். யாரோ ஒரு பழைய பக்கட்டை இன்னும் வைத்திருந்து அன்றைக்குத் திறந்திருக்க வேண்டும். உள்ளே ஒரு பெண் யாரையோ சாப்பிடக் கூப்பிட்டாள். என்ன சொன்னாள் என்று சரியாகக் கேட்கவில்லை. மகள் மதிலில் கையை வைத்துக்கொண்டு, கூப்பிட்டால் உள்ளே போய்விடுகிறவள் போல நின்றாள்.

மணம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. உள்ளே கதவு சாத்தும் சத்தம் கேட்டது. அவள் பையைத் தோளில் சரிசெய்துகொண்டு எனக்கு முன்னால் நடந்தாள்.