செருப்பைக் கழற்றும் நேரத்தில்

எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் உண்மை பேசுவது ஒரே ஒரு இடத்தில்தான். வாசலில், மணியை அழுத்திவிட்டு, குனிந்து செருப்பைக் கழற்றும் நேரத்தில். உள்ளே வந்து உட்கார்ந்துவிட்டால் காபி பிரமாதம் என்பார்கள், வீடு நல்ல காற்றோட்டம் என்பார்கள். வாசலில் மட்டும் மனசில் இருப்பது அப்படியே வாயில் வரும். கேமரா வைத்த வாசல்மணியை வாங்கி மாட்டிய பிறகுதான் இது எனக்குத் தெரிந்தது.

மாட்டியது அம்மாவுக்காக. அம்மாவுக்கு முட்டி வலி. கூடுவாஞ்சேரியில் எங்கள் தெருவுக்குத் தண்ணீர் கேன், பினாயில், கூரியர் என்று பகல் முழுக்க யாராவது வந்துகொண்டே இருப்பார்கள். ஒவ்வொரு மணிக்கும் சமையலறையிலிருந்து வாசலுக்கு நடந்து, திட்டிவிட்டு, திரும்பி நடப்பாள். மணியை என் போனிலும் அவள் போனிலும் இணைத்துக் கொடுத்தேன். வாசலில் ஆள் வந்து நின்றாலே போன் சத்தம் கொடுக்கும். தொட்டால் முகம் தெரியும், பேசுவது கேட்கும். மைக் படத்தை அழுத்திப் பேசினால் நம் குரல் வாசலில் கேட்கும். அம்மா சீக்கிரமே பழகிவிட்டாள். தோசையைத் திருப்பிக்கொண்டே "வாணாம்பா, போ" என்று போனுக்குள் சொல்லி ஆளை அனுப்பிவிடுவாள்.

எனக்கு இந்தப் பெட்டிகள் என்றால் பைத்தியம். கம்பெனியில் நெட்வொர்க் வேலை, வீட்டுக்கு வந்தாலும் அதேதான். மற்ற வீடுகளில் மாடிப்படிக்குக் கீழே பழைய பேப்பரும் உடைந்த நாற்காலியும் கிடக்கும். எங்கள் வீட்டில் ரவுட்டர், சுவிட்ச், கரண்ட் போனால் தாங்க ஒரு பேட்டரி, எல்லாம் ஒழுங்காகக் கட்டிய ஒயர்களோடு இருக்கின்றன. அண்ணி எனக்கு வைத்த பெயர் ஒயர்க்காரி. அண்ணன் தன் பங்குக்கு, "இந்த டப்பாங்கள கட்டிகினு அழுதா உன்ன எவன் கட்டுவான்?" என்பான். அதே அண்ணன் கிரிக்கெட் பார்க்கும்போது படம் நின்றுவிட்டால், நான் மீட்டிங்கில் இருக்கிறேனா இல்லையா என்றுகூடப் பார்க்காமல் பத்து தடவை போன் அடிப்பான். செய்யூரிலிருந்து வரும் சொந்தக்காரர்கள் கல்யாண மண்டபத்தில்கூட என்னை ஓரமாக உட்காரவைத்து, போனில் இடம் இல்லை, பேத்தி படம் திறக்கவில்லை என்று நீட்டுவார்கள். அவர்கள்தான் சாப்பாட்டுப் பந்தியில் எனக்கு எப்போது கல்யாணம் என்று அம்மாவைக் கேட்பவர்கள்.

வாசல்மணி வந்த பிறகு அந்தக் கேள்வியின் மறுபாதியும் எனக்குக் கேட்க ஆரம்பித்தது. பெரியம்மா ஒருநாள் செருப்பு வாரை அவிழ்த்துக்கொண்டே, "இந்தப் பொண்ணு இன்னும் இங்கதான் கீறாளா? அப்ப அவ்ளோதான்" என்று கூட வந்தவளிடம் சொன்னாள். ஐந்து நிமிஷம் கழித்து என் தாடையைப் பிடித்து, "என் கண்ணே பட்டுடும் போல இருக்கேடி" என்றாள். நான் சிரித்துக்கொண்டு அவள் போனை வாங்கி வாட்ஸ்அப்பைச் சரிசெய்து கொடுத்தேன்.

அந்தச் சமயத்தில்தான் செங்கல்பட்டுத் தரகர் ஒரு ஜாதகம் கொண்டுவந்தார். மாப்பிள்ளைக்கு மாமல்லபுரம். கடற்கரைக்குப் போகிற சந்தில் சொந்தமாக மூன்று மாடி லாட்ஜ். பொருத்தம் பார்த்ததும் பேசிப் பார்க்கட்டும் என்று எங்கள் இருவரின் நம்பரையும் மாற்றிக் கொடுத்தார்கள்.

முதல் நாள் போனில் மாப்பிள்ளை, நான் என்ன வேலை செய்கிறேன் என்று கேட்டார். சொன்னேன். வழக்கமாக இந்த இடத்தில் ஆண்கள் "ஓ" என்று சொல்லிவிட்டு சமைப்பீர்களா என்று கேட்பார்கள். இவர், "அப்ப எங்க லாட்ஜ் வைஃபை ஏன் சாயங்காலம் ஆனா படுத்துடுது?" என்று கேட்டார். நான் பதில் சொன்னேன். நடுவில் வெட்டாமல் கேட்டார். மறுநாளும் கேள்வியோடு வந்தார். உப்புக் காற்றில் ஒயர் முனை ஏன் பச்சை பிடிக்கிறது, எந்தப் பெட்டி மழை தாங்கும், கேமராவுக்குத் தனி லைன் வேண்டுமா. தினமும் ஆறு மணிக்கு மேல் அவர் போனுக்காகக் காத்திருக்க ஆரம்பித்தேன். கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற ஆம்பளையை நான் அதுவரை பார்த்ததில்லை. எனக்கு அவரைப் பிடித்திருந்தது. இதைச் சுற்றி வளைத்துச் சொல்வதில் அர்த்தமில்லை, ரொம்பவே பிடித்திருந்தது. இந்தக் கல்யாணம் நடக்க வேண்டும் என்று, சாமி கும்பிடாத நான், அம்மா விளக்கேற்றும்போது பக்கத்தில் போய் நின்றேன்.

பெண் பார்க்க வருவதற்கு முன்பே ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனின் பைக்கில் திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போனேன். சும்மா கோயில் பார்க்க என்று பேச்சு. என் பையில் ஒயருக்கு முனை பொருத்தும் கிரிம்பிங் டூலும் ஒரு பிடி புது முனைகளும் இருந்தன. அண்ணன் மீன் வறுவல் தின்னப் போய்விட்டான். நான் வெயிலில் ஏணி போட்டு ஏறி, மாடிக்கு மாடி பச்சை பிடித்த முனைகளை வெட்டி எறிந்து புதுசு போட்டேன். அவர் அம்மா கீழே நின்று, "வெயில்ல இப்படி கஷ்டப்படறியேம்மா" என்று மோர் கொடுத்தார். அவர் ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார். ஒருமுறை குனிந்து பார்த்தேன், அவர் மேலேதான் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைத்தான் பார்க்கிறார் என்று நினைத்து வீடு வரும்வரை சிரித்துக்கொண்டே வந்தேன். என் தலைக்கு மேலிருந்த பெட்டியில் விளக்கு எரிகிறதா என்று பார்த்திருக்கிறார்.

அடுத்த மாதம் பெண் பார்க்க வந்தார்கள். அவர், அவர் அம்மா, அக்கா. அண்ணி எனக்குப் பூ வைத்துவிட்டு பஜ்ஜியைக் கவனிக்கப் போயிருந்தாள். நான் அறையில் தனியாக, புடவை மடிப்பில் ஊக்கு குத்திக்கொண்டிருந்தேன். போன் சத்தம் கொடுத்தது. அவர் முகத்தை எல்லோருக்கும் முன்னால் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசையில் தொட்டேன்.

மூவரும் குனிந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள்.

"எப்டிம்மா இருப்பா? நீதான் பாத்திருக்கியே" என்றாள் அக்கா.

"கறுப்புதான். பல்லும் தூக்கினு கீது" என்றார் அவர் அம்மா.

அவர் சிரித்தார். "மூஞ்சிக்கு யாருக்கா கட்டறாங்க? மாடிக்கு மாடி கேமரா, வைஃபை, எல்லாத்தையும் அவளே பாத்துக்குவா. ஆள் வைக்க வாணாம். ஒவ்வொரு தடவையும் மெட்ராஸ்ல இருந்து ஒருத்தன கெஞ்சி கூட்டியாறோமே, அந்த பேஜாரு இல்ல."

"அப்ப மெக்கானிக்கையே கட்டிகினு வரப்போற" என்றாள் அக்கா. மூன்று பேரும் சிரித்தார்கள். அண்ணன் கதவைத் திறந்து வாங்க வாங்க என்றான்.

இதுவரை அவர் என்று எழுதினேன். இனி அவன் போதும். இத்தனை நாள் பேசினானே, எங்கள் வீட்டில் என்னென்ன வைத்திருக்கிறேன் என்று அவன் ஒருநாளும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் வாசல்மணியைப் பற்றி ஆசை ஆசையாகச் சொல்லியிருப்பேன்.

தட்டை எடுக்க சமையலறைக்குப் போனேன். அம்மா காபியை ஆற்றிக்கொண்டிருந்தாள். அவள் போன் அடுப்புமேடையில் கவிழ்ந்து கிடந்தது. என் முந்தானையைச் சரிசெய்து, "மூஞ்ச சிரிச்ச மாதிரி வெச்சிக்க" என்று சொல்லித் தட்டைக் கொடுத்தாள். வாங்கிக்கொண்டு போனேன். ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

ஹாலில் அவன் அம்மா என் கையைப் பிடித்து, "லட்சணமா கீது பொண்ணு" என்று என் அம்மாவிடம் சொன்னார். அம்மா முகமெல்லாம் சிரிப்பாக இருந்தாள். பஜ்ஜி காலியானதும் அவன் போனை என் பக்கம் நீட்டினான். "மூணாவது மாடியில காலைல இருந்து சிக்னல் இல்ல. கொஞ்சம் பாக்கறீங்களா?" பட்டுப்புடவையும் பூவுமாக உட்கார்ந்து பார்த்தேன். கை தானாக வேலை செய்தது. அந்தப் பெட்டியை இங்கிருந்தே அணைத்துப் போட்டேன், சிக்னல் வந்தது. அவன் அக்கா அவன் அம்மாவை முழங்கையால் இடித்தாள். என்ன சந்தோஷம் அந்த முகத்தில்.

கிளம்பினார்கள். அண்ணன் கேட் வரை போய் நின்றான். நான் அறைக்குள் போய் போனைத் திறந்தேன். மறுபடியும் செருப்பு.

"சிரிக்கவே தெரியல அதுக்கு" என்றாள் அக்கா. "பரவால்ல, வேலை தெரியுது."

மைக்கை அழுத்தினேன். "அக்கா, மூணாவது மாடி ஒயர் முனை மறுபடி பச்சை பிடிச்சிருக்கும். ரொம்ப நாள் தாங்காது. ஆள் வச்சிக்கோங்க. மூஞ்சி நல்லா கீதான்னு பாத்து வச்சிக்கோங்க."

அவன் அம்மா ஒரு காலில் செருப்போடு அண்ணாந்து கூரையைப் பார்த்தார். அக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் மட்டும் மணியைக் கண்டுபிடித்துக் கிட்டே வந்து பார்த்தான். திரை முழுக்க அவன் மூக்கு. அந்தப் படத்தை நான் இன்னும் அழிக்கவில்லை. மனசு சரியில்லாத நாளில் எடுத்துப் பார்ப்பேன்.

அண்ணன் உள்ளே வந்து குதித்தான். வந்தவர்களை வாசலில் வைத்து அவமானப்படுத்திவிட்டேனாம். அவர்கள் வரும்போது பேசியதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன். முழுக்கக் கேட்டான். பிறகு, "அதுக்கு?" என்றான். "இனிமே எவன் வருவான்?" என்றாள் அண்ணி, மிஞ்சிய பஜ்ஜியை டப்பாவில் போட்டுக்கொண்டே.

என் போன் அதிர்ந்தது. அவன்தான். மன்னிப்புக் கேட்கிறான் என்று ஒரு நொடி நினைத்தேன். அந்த ஒரு நொடிக்காக என்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. மாமல்லபுரம் போன அன்றைக்கு நான் மாற்றிவைத்த லாட்ஜ் வைஃபையின் அட்மின் பாஸ்வேர்டை அனுப்பச் சொல்லியிருந்தான், கடைசியில் 'மேடம்' போட்டு. நான் அனுப்பவில்லை. பெட்டியின் பின்னால் இருக்கும் ஓட்டையில் குண்டூசியைக் குத்திப் பிடித்தால் எல்லாம் அழிந்து புதுசாகிவிடும். அதையும் சொல்லவில்லை. ஆள் வைத்துக் கண்டுபிடிக்கட்டும்.

அம்மா ஸ்டூலில் உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். "நானும்தான் கேட்டேன்" என்றாள்.

"இன்னாத்த?"

"வரும்போது அவங்க பேசினத. பால் வச்சிகினு இருந்தேன், போன்ல எல்லாம் கேட்டுச்சி."

"கேட்டுட்டா என் கையில தட்டு குடுத்தே?"

"பின்ன? மூஞ்சிக்காக உன்ன எவன் கேக்கப் போறான்? ஏதோ ஒண்ணுக்காவது வேணும்னு வந்தாங்களேன்னு இருந்தேன்." குழம்புக்கு உப்பு போதுமா என்று கேட்கிற குரலில்தான் சொன்னாள். கோபம் இல்லை, அழுகையும் இல்லை.

அண்ணனும் அண்ணியும் மாடிக்குப் போன பிறகு என்னைக் கூப்பிட்டாள். "இனிமே யாராச்சும் வந்தா நீ கேக்காத. உன் போன்ல இருந்து அத எடுத்துடு. நான் கேட்டுக்கறேன்."

அதில் இருந்தது பாசம்தான். அப்போதே எனக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். அவள் போனைக் கையிலிருந்து வாங்கி, வாசல்மணியை அதிலிருந்து அழித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன்.

திரும்பப் போட்டுத் தரச் சொல்லி அவள் ஒருநாளும் கேட்கவில்லை. மணி அடித்தால் அடுப்பை அணைத்துவிட்டு, முட்டியைப் பிடித்துக்கொண்டு, சுவரோரமாக வாசலுக்கு நடக்கிறாள். போய்ச் சேர முன்பைவிட நேரமாகிறது. அதுவரை வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வாசலில் சும்மா நிற்கிறார்கள், இன்னும் கொஞ்சம் பேசுகிறார்கள். ஆபீசில் உட்கார்ந்து நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.