மேட்னிக்கு நாலாவது ஆள்

நெய்வேலிச் சுரங்கத்தில் இருபத்தைந்து வருடம் உழைத்த சங்கரலிங்கம், ஓய்வுபெற்ற பிறகுதான் ஒன்றைக் கண்டுபிடித்தார். அவர் செகண்ட் ஷிப்டுக்குப் போன நாளெல்லாம், மனைவி பேச்சியம்மாள் இரண்டு தோழிகளோடு மேட்னி பார்த்திருக்கிறாள். இன்றும் கிளம்பிவிட்டாள். கோபப்படத்தான் வாயைத் திறந்தார்.

"நானும் வரட்டுமா?"

குவார்ட்டர்ஸ் வாசலில் நின்ற தோழிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பேச்சியம்மாள் தன் செருப்பையே பார்த்தாள். பதவி உயர்வு நேர்காணலுக்குப் பிறகு அவருக்கு இப்படி வியர்த்ததில்லை. அதில் அவர் தேறவுமில்லை.

"அண்ணன் பக்கத்துல குந்திகினு இருந்தா நாங்க எப்படிங்க வாய்விட்டு அழுவறது?" என்றாள் தோழி பெரியநாயகி.

"நான் பின் வரிசையில உக்காந்துக்கறேம்மா."

"நடுவுல கதை கேப்பீங்களா?"

"சத்தியமா மாட்டேன்."

பேச்சியம்மாள் நிமிர்ந்தாள். "சட்டைய மாத்திட்டு வாங்க."

மனசு மாறிவிடுவார்களோ என்ற பயத்தில், சங்கரலிங்கம் பொத்தான்களை மாற்றிப் போட்டுக்கொண்டே ஓடிவந்தார்.