அக்கா தேய்த்த சுவர்

என் அக்காவுக்கு விரல் நுனியில் சூடு தெரியாது. இருபத்தாறு வருஷமாகச் சலவைக் கம்பெனியில் நின்றபடி இஸ்திரி போடுகிறவள். கொதிக்கிற டம்ளரை அப்படியே கையில் பிடித்துக்கொண்டு, "ஆறிப் போச்சுடி, மறுபடி சுட வை" என்பாள். துணி காய்ந்ததா என்று பார்க்க அவள் விரலை நம்ப மாட்டாள். கன்னத்தில் வைத்துப் பார்ப்பாள். துளி ஈரம் இருந்தாலும் சில்லென்று படுமாம். அதே கம்பெனியில் பட்டன் தைக்கிறவள் நான். அவள் கன்னம் சொன்னது தப்பாகி நான் பார்த்ததில்லை.

விலைக்கு வந்த அந்த வீட்டைப் பார்க்கப் போனபோதும் அதைத்தான் செய்தாள். இரண்டு அறை, பின்னால் சமையலறை, தரையோடு தரையாக வாசல், வாசலை ஒட்டிப் பஸ் போகிற சாலை. சுவருக்கெல்லாம் புதுசாகப் பச்சைப் பெயின்ட். தரகர் சாவியைச் சுழற்றிக்கொண்டு நின்றார். எதைக் கேட்டாலும் "ஆமாங்க, ஆமாங்க" என்பார். அவருக்கு ஆமாஞ்சாமி என்று பேர் வைத்தவள் நான்தான்.

அக்கா முதலில் நின்றபடி கன்னத்தைச் சுவரில் வைத்தாள். பிறகு குனிந்து. பிறகு மண்டி போட்டு.

"என்னங்க பண்றாங்க இவங்க?" என்றார் ஆமாஞ்சாமி.

"சுவருக்கு முத்தம் குடுக்கறா. நீங்க சாவியச் சுத்துங்க" என்றேன்.

அக்கா எழுந்து தோளுயரத்தில் கையை வைத்துக் காட்டினாள். "இதுவரைக்கும் ஏறியிருக்கு."

"போன மழைக்கு லேசா நனைஞ்சதுங்க. அவ்ளோதான். நாலு வெயில் அடிச்சா..."

"யோவ், பூசி மெழுகாதே. பெயின்ட் வாசனையே இன்னும் போகல" என்று நான் கத்தினேன். எனக்குச் சட்டென்று மரியாதை போய்விடும்.  அக்கா கோபப்பட்டே வருஷக்கணக்காகிறது.

இரண்டு நாள் கழித்து எங்களுக்குத் தெரிந்த கொத்தனாரைக் கூட்டிக்கொண்டு போனோம். அவர் ஒரு மூலையில் கொத்திப் பார்த்தார். பூச்சு கையோடு வந்தது. உள்ளே செங்கல் ஊறிப்போய்க் கறுத்திருந்தது. வீட்டுக்குப் பின்னால் மேடு. அங்கே இறங்குகிற தண்ணீரெல்லாம் இந்த வீட்டுக்கு அடியில் வந்துதான் நிற்கிறது என்றார். "மேல என்ன பூசினாலும் நிக்காதும்மா. முழுசாப் பேத்துக் கட்டணும். அதுக்கு நீங்க வேற வீடே வாங்கிரலாம்."

வேற வீடு எங்கே இருக்கிறது? மாடி இல்லாமல், அக்கா கைக்கு எட்டுகிற விலையில் வந்தது ஏழு மாதத்தில் இது ஒன்றுதான்.

மாடி இருக்கக் கூடாது என்பது அத்தானுக்காக. அக்கா புருஷன் பஸ் கண்டக்டர். முப்பது வருஷம் நெரிசலில் நின்று, ஊரில் பாதிப் பேரைப் பேர் சொல்லிக் கூப்பிட்ட மனுஷன். அவர் போட்ட சத்தத்தில் பஸ் பின்னால் தூங்குகிறவன் முன்னால் வந்து இறங்குவான். அப்புறம் நுரையீரல் கெட்டது. வாடகைக்கு இருந்தது மூன்றாவது மாடி, லிஃப்ட் கிடையாது. பதினாலு மாதமாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போன இரண்டு தடவை தவிர அவர் கீழே இறங்கவில்லை. ஜன்னலைத் திறந்தால் அடுத்த கட்டடத்தின் முதுகு. அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்பார். பேசுவதைக்கூட நிறுத்திவிட்டார். டாக்டர் ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்: ஈரமான இடத்தில் மட்டும் வைக்காதீர்கள்.

அன்று சாயங்காலம் அக்கா அவரிடம் சொல்லிவிட்டாள். "அந்த வீடு வேண்டாங்க. சுவரெல்லாம் தண்ணி."

அவர் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டார்: "வாசல்... ரோட்டப் பாத்தா இருக்கு?"

"ரோட்டு மேலயே இருக்கு."

"ஒரு தடவ காட்டு."

காட்டினோம். கம்பெனியில் மூட்டை தூக்குகிற இரண்டு பேர் பிளாஸ்டிக் நாற்காலியோடு அவரைத் தூக்கி மூன்று மாடி இறக்கி, ஒரு வண்டி பிடித்துக் கொண்டுபோய் அந்த வாசலில் வைத்தார்கள். உள்ளே வந்து பார்க்கச் சொன்னோம். "இங்கயே இருக்கேன்" என்றார். ஆமாஞ்சாமி குறுக்கே நின்றுகொண்டு சமையலறையைப் பற்றி ஏதோ அளந்தார். அத்தான் கையால் அவரைத் தள்ளி நிற்கச் சொன்னார், சாலையை மறைக்கிறாராம்.

பத்து நிமிஷம் இருக்கும். ஒரு பஸ் எங்களைத் தாண்டிப் போய், நடுரோட்டில் நின்று, பின்னால் வந்தது. டிரைவர் தலையை வெளியே நீட்டினார். "அண்ணே! செத்துட்டீங்கன்னு எவனோ சொன்னான்!"

அத்தான் சிரித்தார். பதினாலு மாதத்தில் நான் பார்த்த முதல் சிரிப்பு. பதில் சொல்ல மூச்சு இல்லை. நாற்காலிக் கையில் இரண்டு தட்டு தட்டினார், பஸ் கிளம்பலாம் என்பதற்குக் கண்டக்டர் தட்டுகிற தட்டு. டிரைவரும் கேள்வி கேட்காமல் வண்டியை எடுத்தார். பின்னால் ஏழெட்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டு நின்றன.

"இவளே, வாங்கிரு" என்றார் அத்தான்.

"என்ன பேசறீங்க? அந்தச் சுவர் உங்களக் கொன்னுரும்."

"மேலயும்... சாகத்தானே போறேன். இங்கன்னா... நாலு பேரு பாக்க உக்காந்திருப்பேன்."

அக்கா என்னைப் பார்த்தாள். "நீ என்னடி சொல்றே?"

வாங்கு என்றேன். அவருக்காகத்தான் சொன்னேன். ஆனால் அவருக்குத் துணையாக இருக்கத் தினம் மூன்று மாடி ஏறி இறங்கி என் முட்டி தேய்ந்து போயிருந்தது. அதுவும் அந்த வார்த்தைக்குள் இருந்தது. மறைத்து என்ன ஆகப்போகிறது?

பத்திரத்தில் கையெழுத்துப் போடும்போது அக்கா முகத்தில் ஒன்றுமே இல்லை. கம்பெனி வருகைப் பதிவேட்டில் போடுகிற மாதிரி போட்டாள்.

குடிபோன மறுநாளிலிருந்து தினமும் காலையில் ஐந்தரை மணிக்கு அவள் ஒரு வேலை செய்தாள். அத்தானை வாசல் நாற்காலியில் உட்கார வைப்பாள். கட்டிலை இழுப்பாள். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பைச் சுவரில் ஆணிக்கு ஆணி மாட்டி, அதன் மேல் இஸ்திரிப் பெட்டியை வைத்து, மேலிருந்து கீழே ஒரே சீராகத் தேய்ப்பாள். ஆவி குப்பென்று வரும். விரிப்பு நனைந்ததும் வேறு மாற்றுவாள். முடிந்ததும் கன்னத்தை வைத்துப் பார்ப்பாள். பிறகு கட்டிலைத் தள்ளிவிட்டு வேலைக்குக் கிளம்புவாள். சாயங்காலத்துக்குள் சுவர் பழையபடி ஆகிவிடும்.

"பைத்தியமாடி உனக்கு? அடியில குளமே நிக்குது. நீ மேல இஸ்திரி போடறே!"

"அவர் தூங்கற வரைக்கும் காஞ்சிருந்தாப் போதும்" என்பாள்.

அத்தான் அந்த வாசலில் பத்தொன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். போகிற பஸ் எல்லாம் ஹாரன் அடித்தது, அவர் கையைத் தூக்குவார். இரண்டாவது மழைக்காலத்தில் இருமல் நிற்கவே இல்லை. ஒரு செவ்வாய்க்கிழமை, நான் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பெனியிலிருந்து எடுத்துவந்த சட்டைகளுக்குப் பட்டன் தைத்துக்கொண்டிருந்தபோது, ஒரு பஸ் ஹாரன் அடித்தது. அவர் கை எழவில்லை. நான்தான் முதலில் பார்த்தேன். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் எழுந்தேன். ஏன் மடித்தேன் என்று இன்றைக்கும் தெரியவில்லை.

அக்கா அழவில்லை. வந்தவர்களெல்லாம் அழுதார்கள், அந்த டிரைவர் கேவிக் கேவி அழுதார். எனக்கும் வரவில்லை. வரும் வரும் என்று பார்த்தேன்.

நாலாம் நாள் காலையில் அவள் சாப்பிட்டாளா என்று பார்க்கப் போனேன். வாசல் நாற்காலி காலியாகக் கிடந்தது. உள்ளே ஆவி வாசனை. கட்டிலை இழுத்துப் போட்டுவிட்டு அக்கா சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா. இனிமே யாருக்கு இது?"

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். விரிப்பை விலக்கிக் கன்னத்தைச் சுவரில் வைத்தாள். எடுக்கவே இல்லை, அப்படியே நின்றாள்.

"ஈரமா இருக்குடி" என்றாள்.

ஒரு பக்க ஆணி கழன்று விரிப்பு சரிந்தது. நான் போய் அந்த முனையைப் பிடித்துக்கொண்டேன். அவள் மறுபடி தேய்க்க ஆரம்பித்தாள்.