மாதேஷ் கழுத்தில் தாலி

மல்லசமுத்திரம் சந்தைக்கு வந்தால் அறிவுச்செல்வியைப் பார்க்கலாம். கத்தரிக்காயைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நயமாகப் பேரம் பேசிக்கொண்டிருப்பாள். இந்தியப் பெண்கள் கால்பந்து அணியில் முன்வரிசையில் நின்று கோல் போட்டவள் என்று நெற்றியிலா எழுதி ஒட்டியிருக்கிறது? கபடிக்காரி என்று நினைப்பவர்கள் எங்கள் ஊரிலேயே உண்டு. அவர்களோடு சண்டை போட்டு எனக்கு அலுத்துவிட்டது.

அறுவடை முடிந்த கடலைக்காட்டில் அண்ணன்மாரோடு பந்து உதைக்கத் தொடங்கியவள். கல்லூரி முடிக்கும் முன்பே நாட்டுக்காக ஆடிவிட்டாள். அதை வைத்து ரயில்வேயில் வேலையும் கிடைத்தது. பிறகு எங்கள் பக்கத்து வீட்டு மாதேஷுடன் கல்யாணம். அவன் லாரி ஓட்டுகிறவன்.

ஆட்டத்துக்கு மாமியார் சுப்பம்மாள் தடை சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கேட்டார்: எங்கே போனாலும் தாலி கழுத்தை விட்டு இறங்கக் கூடாது. அது வீம்பு அல்ல. அவருடைய கணவரும் லாரி டிரைவர்தான். நாக்பூருக்கு லோடு கொண்டு போனவர் உயிரோடு திரும்பவில்லை. இப்போது மகனும் அதே ரோட்டில் ஓடுகிறான்.

கால்பந்து விதிக்கு இதெல்லாம் தெரியுமா? கழுத்தில் கயிறு கிடந்தால் நடுவர் மைதானத்துக்குள் விடமாட்டார். டேப் போட்டு மறைத்தாலும் ஆகாது. கல்யாணத்துக்குப் பிந்திய முதல் பயிற்சி முகாமுக்குக் கிளம்பியபோது, ஆட்டத்தையே விட்டுவிடுகிறேன் என்று சேலம் ஜங்ஷனில் நின்று அழுதாளாம். மாதேஷ் அதிகம் பேசுகிற ஆள் இல்லை. தாலியைக் கழற்றச் சொல்லி வாங்கித் தன் கழுத்தில் போட்டுக்கொண்டு, சட்டைப் பொத்தானை மேலே வரைக்கும் மாட்டினான். அன்று முதல் அவள் முகாமுக்குப் போனால் தாலி லாரியில் ஏறிவிடும். லோடு இறக்குகிறவர்கள் கேலி செய்தால் சிரித்துக்கொண்டே டீ வாங்கிக் கொடுப்பான்.

சுப்பம்மாளுக்குத் தெரியாமல் ஓடிக்கொண்டிருந்த இந்த ஏற்பாட்டை டிவி வந்து கவிழ்த்தது. நேபாளத்தில் ஆட்டம். எங்கள் வீட்டில் கூடி உட்கார்ந்து பார்த்தோம். தடுக்க வந்தவளை ஏமாற்றிவிட்டு இடது காலால் அறிவுச்செல்வி அடித்த பந்து வலைக்குள் போனது. நாங்கள் கத்திக்கொண்டிருக்கும்போதே அவளை அருகில் காட்டினார்கள். வெறுங்கழுத்து.

சுப்பம்மாள் மகனுக்கு ஸ்பீக்கரில் போன் போட்டார். மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவன் எடுக்கவில்லை. மறுபடி போட்ட பிறகுதான் எடுத்தான்.

"சாமி, நீ நல்லாருக்கறயா? அவ கழுத்துல தாலியக் காணமே."

வேறு வழியில்லாமல் மாதேஷ் உண்மையைச் சொல்லிவிட்டான். இனி இந்த வீட்டில் பந்து உருளாது என்றுதான் நான் நினைத்தேன்.

"உங்கழுத்துலயேவா கெடக்குது?" என்று சுப்பம்மாள் கேட்டார். ஆமாம் என்றான்.

"அப்பச் சரி. உன்னயக் காக்கறது உங்கூடவே வருது."

போனை வைத்துவிட்டு, மருமகள் இன்னொரு கோல் போடுவாளா என்று என்னைக் கேட்டார். அடுத்த முகாமுக்கு அவரே தாலியைக் கழற்றி மகன் கழுத்தில் போட்டுவிட்டார்.

போன வருடம் முழங்கால் ஒத்துழைக்காமல் அறிவுச்செல்வி ஆட்டத்தை நிறுத்திக்கொண்டாள். ஊரில் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. அவளுக்கு மனசு கனத்துத்தான் கிடந்தது. அதற்கடுத்த வாரம் மாதேஷ் நாக்பூர் லோடுக்குக் கிளம்பினான். சுப்பம்மாள் அவனை விட்டுவிட்டு மருமகள் முன்னால் வந்து நின்றார்.

"கழட்டு சாமி."

"இனி எனக்கு மேட்ச் இல்லீங்க அத்தை."

"உனக்கு இல்ல. அவம் போறானல்ல, குடுத்தனுப்பு."

அதனால்தான் சில வாரம் சந்தையில் அவள் வெறுங்கழுத்தோடு நிற்கிறாள். யாராவது ஒரு மாதிரி பார்த்தால், லாரி இப்போது எந்த ஊரைத் தாண்டியிருக்கிறது என்று சொல்லிவிட்டுக் கத்தரிக்காய் பொறுக்குவாள்.